ஃபோர்ட் கொச்சியிலும் மட்டாஞ்சேரியிலும் வழிகாட்டி தேவையா?

எர்ணாகுளம் படகுத்துறையில் அரசுப் படகேறி, இருபது நிமிடம் காயல் காற்று வாங்கிக்கொண்டு ஃபோர்ட் கொச்சியில் இறங்கிய உடனேயே, ஊரைப் பார்ப்பதற்கு முன்பாக ஒரு கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. துறையின் வாசலில் ஆட்டோக்காரர்களும், சட்டைப்பையில் மடித்த வரைபடம் வைத்திருக்கும் நடுவயதுக்காரர்கள் சிலரும் நிற்கிறார்கள். "ஒரு மணிக்கூர் எல்லாம் சுற்றிக் காணிக்காம் சார், நூறு ரூபா மதி" என்று ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவர் அதையே தமிழில் சொல்கிறார். வேண்டும் என்பதா, வேண்டாம் என்பதா என்று அந்த இடத்தில் நின்று யோசிக்க முடியாது. ஆகவே வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொண்டு வருவது நல்லது. அந்த முடிவுக்கு உதவும் என்று நினைத்துத்தான் எங்கள் அனுபவத்தை இங்கே எழுதுகிறேன்.

இந்தக் கேள்விக்கு நான் மூன்று முறை மூன்று விதமாகப் பதில் சொல்லியிருக்கிறேன். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு துறை வாசலில் அழைத்த ஓர் ஆட்டோவில் ஏறினேன். இந்த ஜனவரியில் அம்மாவையும், பதினோரு வயதான அண்ணன் மகளையும் அழைத்துக்கொண்டு கோயம்புத்தூரிலிருந்து போனபோது, முதல் நாள் யார் துணையும் இல்லாமல் நாங்களே நடந்து பார்த்தோம். இரண்டாம் நாள் அரசு உரிமம் பெற்ற ஒரு வழிகாட்டியை அரைநாளுக்கு அமர்த்தினோம். இந்த மதிப்புரை முக்கியமாக அந்த அரைநாளைப் பற்றியது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஃபோர்ட் கொச்சிக்கு வழிகாட்டி தேவையில்லை. அங்கிருந்து இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் தள்ளியிருக்கும் மட்டாஞ்சேரிக்குத் தேவை. ஆனால் சில நிபந்தனைகளை முன்கூட்டியே பேசிக்கொண்டால் மட்டுமே கொடுத்த காசுக்குப் பலன் இருக்கும்.

முதல் அனுபவத்தை அதிகம் நீட்ட வேண்டியதில்லை. அந்த ஆட்டோக்காரர் இரண்டு மணி நேரத்தில் எங்களை மூன்று கடைகளுக்கு அழைத்துப் போனார். ஒன்று வாசனைப் பொருள் கடை, ஒன்று கம்பளமும் சால்வையும் விற்கும் கடை, மற்றொன்றில் என்ன விற்றார்கள் என்பதே இப்போது நினைவில் இல்லை. வாங்கினாலும் வாங்காவிட்டாலும் உள்ளே பத்து நிமிடம் நின்றால் போதும் என்று அவரே கெஞ்சும் குரலில் சொன்னார். பயணியைக் கடைக்குள் கொண்டுபோய் விடுவதற்கே ஓட்டுநருக்கு ஏதோ கிடைக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. நூறு ரூபாய்க்கு ஓர் ஊரைச் சுற்றிக்காட்ட எப்படிக் கட்டுப்படியாகிறது என்ற கணக்கும் அதோடு தெளிந்தது. அன்று சனிக்கிழமை. யூதர்களின் ஓய்வு நாளாகிய சனியன்று அவர்களுடைய ஆலயம் பார்வையாளர்களுக்குத் திறப்பதில்லை என்பதை, அதன் பூட்டிய வாசலுக்கு எங்களைக் கொண்டுபோய் நிறுத்திய பிறகுதான் அவர் சொன்னார். மட்டாஞ்சேரி அரண்மனையை டச்சுக்காரர்கள் கட்டினார்கள் என்றும், வாஸ்கோ ட காமாவின் உடல் இன்னும் புனித பிரான்சிஸ் தேவாலயத் தரையின் கீழே இருக்கிறது என்றும் சொன்னார். இரண்டும் தவறு. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நான் கேட்டது வண்டி, அவர் ஓட்டியதும் வண்டிதான். வண்டிச் சத்தத்தைக் கொடுத்துவிட்டு வரலாற்றை எதிர்பார்த்தது என் பிழை.

இந்த முறை முதல் நாள், கடற்கரையை ஒட்டிய நடைபாதையில் தொடங்கி, சீன வலைகள், புனித பிரான்சிஸ் தேவாலயம், சாண்டா குரூஸ் பேராலயம் என்று காலை எட்டு மணி முதல் பதினொன்றரை வரை மெதுவாக நடந்தோம். மழைமர நிழல் நல்ல அகலத்துக்கு விழுகிற தெருக்கள். எழுபது வயதான அம்மாவுக்குக்கூடக் களைப்பில்லை. எல்லா இடங்களும் ஒன்றுக்கொன்று கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. வழி தவற வாய்ப்பே இல்லை. பார்க்க வேண்டிய கட்டடங்களின் முன்னால் அறிவிப்புப் பலகைகள் இருக்கின்றன. அண்ணன் மகள் அவற்றை உரக்கப் படிக்க, நாங்கள் கேட்டுக்கொண்டே போனோம். 1503இல் போர்ச்சுகீசியர்கள் இங்கே கோட்டை கட்டியது, 1663இல் டச்சுக்காரர்கள் அதைப் பிடித்தது, 1795இல் ஆங்கிலேயர் கைக்கு ஊர் போனது என்ற எலும்புக்கூடு பலகைகளிலிருந்தே கிடைத்துவிடுகிறது. 1524ஆம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முந்தின நாள் கொச்சியில் இறந்த காமாவைப் புதைத்த இடம் தேவாலயத்துக்குள் கம்பி வேலியிட்டுக் காட்டப்பட்டிருக்கிறது. அவருடைய எச்சங்களை 1539இல் போர்ச்சுகலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதும் படித்துத் தெரிந்துகொள்ளக்கூடியதே.

அந்த மூன்றரை மணி நேரத்தில் தவறவிட்டது என்று பின்னால் தெரிந்தது ஒன்றே ஒன்று. தேவாலயத்தின் நடுக்கூடத்தில், இருக்கைகளுக்கு மேலே நீளவாக்கில் துணிப் பட்டைகள் தொங்குகின்றன. நாங்கள் அவற்றை அலங்காரம் என்று நினைத்து நகர்ந்துவிட்டோம். அவை கயிறு இழுத்து ஆட்டும் விசிறிகளான பங்காக்கள் என்பதையும், அவற்றின் கயிறு சுவரைத் துளைத்து வெளியே போகிறது என்பதையும், வழிபாடு முடியும்வரை ஒருவர் வெளியே உட்கார்ந்து அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறார் என்பதையும் மறுநாள் வழிகாட்டி சொல்லித்தான் அறிந்தோம். சாயங்காலம் மீண்டும் போய் அந்தத் துளையைத் தேடிப் பார்த்தோம். உள்ளே இருந்தவர்களுக்குக் காற்று, வெளியே இருந்தவருக்கு வியர்வை என்று அம்மா சொன்னார்.

சீன வலைகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை. தேக்கும் மூங்கிலும் கொண்டு கட்டிய அந்தப் பெரிய கைகளை நான்கைந்து பேர் சேர்ந்து இறக்கி ஏற்றுகிறார்கள். எடை சமன் செய்வதற்காகக் கயிறுகளில் பாறைக் கற்கள் வரிசையாகக் கட்டப்பட்டிருக்கின்றன. வலை நீரிலிருந்து மேலெழும்போது அந்தக் கற்கள் ஒவ்வொன்றாக மேடையில் வந்து அமர்வதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது அருமையான காட்சி. கயிற்றைப் பிடித்து இழுக்குமாறு அன்போடு அழைப்பார்கள். இழுத்த பிறகு பணம் கேட்பார்கள். கொடுப்பதில் தவறில்லை, ஏனென்றால் வலையில் வந்தது இரண்டு கைப்பிடி மீன்தான். எவ்வளவு என்று முன்னால் கேட்டுக்கொண்டால் பின்னால் முகம் சுளிக்க வேண்டியிருக்காது.

இனி வழிகாட்டிக்கு வருகிறேன். நாங்கள் தங்கிய விடுதிக்காரரிடம், கடைக்கு அழைத்துப் போகாத ஆள் யாராவது இருக்கிறார்களா என்று வெளிப்படையாகக் கேட்டோம். அவர் ஒருவரைத் தொலைபேசியில் பிடித்துக் கொடுத்தார். சுற்றுலாத் துறையின் உரிமம் பெற்றவர்களிடம் படம் ஒட்டிய அடையாள அட்டை இருக்கும். செல்லுபடியாகும் தேதியும் அதில் இருக்கும். அட்டையைக் காட்டும்படி கேட்பதற்குப் பலர் கூச்சப்படுகிறார்கள். எங்கள் வழிகாட்டி கேட்பதற்கு முன்பே அதை எடுத்துக் காட்டினார். நான்கு மணி நேரத்துக்கு 2,500 ரூபாய் கேட்டார், 2,000க்கு ஒத்துக்கொண்டார். ஆட்டோவுக்குத் தனியாக 500 ஆயிற்று. மூன்று நிபந்தனைகளைப் பேசினோம்: கடை ஒன்றுகூட வேண்டாம், முதல் நாள் பார்த்த இடங்கள் மீண்டும் வேண்டாம், அம்மாவுக்காக மணிக்கு ஒரு முறை உட்கார வேண்டும். நாங்கள் வெள்ளிக்கிழமை என்றுதான் முதலில் சொன்னோம். வெள்ளியன்று மட்டாஞ்சேரி அரண்மனைக்கு விடுமுறை, யூத ஆலயமும் பிற்பகலில் மூடிவிடும், ஆகவே வியாழன் காலைக்கு மாற்றுங்கள் என்று அவரே சொன்னார். வெள்ளிக்கே ஒத்துக்கொண்டு பணத்தை வாங்கியிருக்கலாம். கொடுத்த காசில் கால் பங்கு அந்த ஒரு வாக்கியத்திலேயே திரும்பி வந்துவிட்டது என்பேன்.

மட்டாஞ்சேரி அரண்மனைக்கு டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டாலும், அதை 16ஆம் நூற்றாண்டின் நடுவில் கட்டிக் கொச்சி மன்னருக்குக் கொடுத்தவர்கள் போர்ச்சுகீசியர்கள். டச்சுக்காரர்கள் பிற்காலத்தில் பழுதுபார்த்துப் பெயரை மட்டும் தட்டிக்கொண்டு போனார்கள். வெளியிலிருந்து பார்த்தால் அரண்மனை என்றே சொல்ல முடியாது, ஓட்டுக்கூரை போட்ட பெரிய வீடு போலத்தான் இருக்கிறது. உள்ளே மன்னரின் பள்ளியறைச் சுவர்கள் முழுவதும் இராமாயண ஓவியங்கள். தசரதனின் புத்திரகாமேட்டி வேள்வியில் தொடங்கி இராமன் இலங்கையிலிருந்து திரும்புவது வரை, நாற்பதுக்கும் மேற்பட்ட காட்சிகள் இடைவெளி இல்லாமல் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன.

நமக்குக் கதை தெரியும். அம்மாவுக்கு எனக்குத் தெரிந்ததைவிட நன்றாகவே தெரியும். ஆகவே இங்கே வழிகாட்டி எதற்கு என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனேன். போய் நின்ற பிறகு, கண்ணை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. ஒரு காட்சி முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று காட்டும் சட்டமோ கோடோ சட்டென்று புலப்படுவதில்லை. முகமும் கையும் மகுடமும் மரமும் குதிரையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக் கிடக்கின்றன. முதல் இரண்டு நிமிடங்களுக்கு அது ஒரு பழைய பட்டுப்புடவையை விரித்துப் போட்டது போலத்தான் இருந்தது. வழிகாட்டி கதை எதையும் சொல்லவில்லை. வேள்வித் தீயை மட்டும் விரலால் சுட்டி, "இங்கேயிருந்து இந்தப் பக்கமாக வாருங்கள், பச்சை உடம்பை மட்டும் பின்தொடருங்கள்" என்றார். கேரளச் சுவரோவிய மரபில் சத்துவ குணமுள்ள பாத்திரங்களுக்குப் பச்சை நிறம். பச்சையைத் தேடத் தொடங்கியதும் சுவர் தானாகப் பிரிந்து கதையாகிவிட்டது. அண்ணன் மகள் எங்களை முந்திக்கொண்டு அடுத்த சுவரில் இராமனைக் கண்டுபிடித்தாள். அம்மா ஓரிடத்தில் நின்று, அது எந்தக் கட்டம் என்பதை வழிகாட்டிக்கே விளக்கத் தொடங்கிவிட்டார். அவரும் பொறுமையாகக் கேட்டார். அந்த அறையில் படம் எடுக்க அனுமதியில்லை என்பது ஒரு விதத்தில் நல்லது. நாற்பது நிமிடம் கண்ணாலேயே பார்த்தோம்.

வெளியே வரும்போது தரையைக் குனிந்து பார்க்கச் சொன்னார். பளபளவென்று கறுப்புப் பளிங்கு போல இருக்கிறது. அது கல்லே இல்லை. சுட்ட கொட்டாங்கச்சி, கரி, சுண்ணாம்பு, செடிச் சாறு, முட்டை வெள்ளைக்கரு இவற்றைக் கலந்து பூசி இழைத்த தரை. அதன்மேல்தான் அவ்வளவு நேரமும் நின்றுகொண்டிருந்தோம்.

அரண்மனையை அடுத்து யூதத் தெரு. "இனி யூதப் பள்ளி பார்க்கலாம்" என்று வழிகாட்டி சொன்னதும், அண்ணன் மகள் "இன்னிக்கு ஸ்கூல் லீவு இல்லையா?" என்று கேட்டாள். மலையாளத்தில் தேவாலயமும் பள்ளி, மசூதியும் பள்ளி, யூத ஆலயமும் பள்ளி. நாம் பள்ளிவாசல் என்ற சொல்லிலும், சற்று முன் பார்த்த பள்ளியறையிலும் அந்தப் பழைய பொருள்களைக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறோம். இதை வழிகாட்டி சொல்லவில்லை, நானே அவளுக்குச் சொன்னேன். ஆனால் அடுத்து அவர் சொன்ன செய்தி எனக்குப் புதிது.

பரதேசி ஆலயம் என்ற அந்த யூத ஆலயம் 1568இல் கட்டப்பட்டது. மன்னர் தம் அரண்மனைக்கும் பழயன்னூர் பகவதி கோயிலுக்கும் ஒட்டியபடியே அதற்கு இடம் கொடுத்திருக்கிறார். தரையில் 18ஆம் நூற்றாண்டில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், மேலே கண்ணாடி விளக்குகள், வெளியே 1760இல் எசக்கியேல் ரஹாபி என்ற வணிகர் கட்டுவித்த மணிக்கூண்டு. மணிக்கூண்டில் எபிரேயம், ரோமன், மலையாளம் என்று வெவ்வேறு எண்களில் முகப்புகள். இவ்வளவும் எந்தக் கையேட்டிலும் இருக்கிறது. வழிகாட்டி சொன்னது, இந்தச் சமூகத்தார் போற்றிக் காத்துவரும் செப்பேட்டைப் பற்றி. கி.பி. 1000 ஆண்டளவில் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மர், யூதத் தலைவர் ஜோசப் ரப்பானுக்கு அளித்த உரிமைகள் அதில் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. ஏட்டில் அவர் பெயர் 'இஸ்ஸுப்பு இரப்பான்' என்று இருக்கிறது. அவருக்குக் கிடைத்தவை அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுத் தலைமையும் விடுபேறுகள் எனப்படும் எழுபத்திரண்டு சிறப்புரிமைகளும். அந்த விடுபேறுகளில் சிலவற்றை வழிகாட்டி ஒரு காகிதத்தில் எழுதிவைத்திருந்தார். அவர் அதை மலையாள ஒலியில் படித்தார்: பகல்விளக்கு, பாவாடை, குடை, தோரணம். அம்மா சட்டென்று நிமிர்ந்து, "இதெல்லாம் நம்ம வார்த்தைதானே" என்றார். இங்கே பாவாடை என்றால் நடந்துபோகும் வழியில் விரிக்கும் துணி; பகல்விளக்கு என்றால் பகலிலும் முன்னே விளக்குப் பிடித்துப் போகும் மரியாதை. மலையாளமும் தமிழும் தனித்தனியே முகம் காட்டாத காலத்து மொழி அது. இந்தச் செப்பேடுகளின் நகலைத்தான் 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசாகக் கொடுத்தார். ஆலயத்தில் எங்களுக்கு முன்னும் பின்னும் வந்த கூட்டம் ஓடுகளை எட்டிப் பார்த்துவிட்டு ஐந்து நிமிடத்தில் வெளியேறிக்கொண்டிருந்தது. அந்தக் காகிதம் இல்லாவிட்டால் நாங்களும் அப்படித்தான் வெளியேறியிருப்போம்.

பாராட்டிய கையோடு ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தரை ஓடுகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருக்காது என்று எல்லா வழிகாட்டிகளையும் போல அவரும் சொன்னார். கையால் வரைந்தவை என்பதால் கோட்டுக்குக் கோடு ஒத்துப்போகாதுதான். ஆனால் குனிந்து பார்த்தால், அதே சில காட்சிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அண்ணன் மகள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோது, அவர் சிரித்துக்கொண்டு பேச்சை விளக்குகளின் பக்கம் திருப்பிவிட்டார். சீன வலைகளைச் சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹெவே வந்து நிறுவினார் என்பதையும் கண்ணால் கண்டவர் போலச் சொன்னார். அவை போர்ச்சுகீசியர் வழியாகச் சீனக் கரையிலுள்ள மக்காவ் நகரிலிருந்து வந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டே என்று கேட்டதும், "அப்படியும் சொல்வார்கள்" என்று ஒத்துக்கொண்டார். பல ஆண்டுகளாகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதைகளை வழிகாட்டிகள் எளிதில் விடமாட்டார்கள். கேள்வி கேட்டால் இறங்கி வருகிறார்கள். கேட்காதவர்களுக்கு அந்தக் கதையே வரலாறாகிவிடும்.

யூதத் தெருவின் இரு பக்கமும் இப்போது பழம்பொருள் கடைகளும் துணிக்கடைகளும்தான். பெரும்பாலான யூதர்கள் 1950களில் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள். அதே பகுதியில் 1957இல் தொடங்கப்பட்ட மிளகு வணிகர் சங்கத்தின் கட்டடம் இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆட்கள் கூடிநின்று கூவி, பின்னால் கைமாறும் மிளகுக்கு முன்கூட்டியே விலை பேசும் முன்பேர வணிகம் நடத்தியிருக்கிறார்கள். 1341இல் பெரியாற்றில் வந்த வெள்ளம் கழிமுகங்களின் போக்கை மாற்றிக் கொச்சியைத் துறைமுகமாக்கிய கதையை, நமது சங்ககாலத் துறைமுகமான முசிறியின் கதையோடு சேர்த்து அந்தக் கட்டடத்தின் படியில் உட்கார்ந்து சொன்னார். அம்மாவுக்காகப் பேசிய ஓய்வு நேரம் அது. பக்கத்துப் பண்டகசாலை ஒன்றிலிருந்து சுக்கு வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது.

அரைநாளில் எனக்கு மிகவும் பிடித்த இடம் கடைசியில் வந்தது. திட்டத்தில் இல்லாத இடம். நாங்கள் தமிழர்கள் என்பதால், திரும்பும் வழியில் வெளி என்ற பகுதியிலுள்ள தோபிக்கானாவைப் பார்க்கலாமா என்று வழிகாட்டி கேட்டார். அங்கே சலவைத் தொழில் செய்பவர்கள், டச்சுக்காரர்கள் தங்கள் படைவீரர்களின் உடுப்புகளை வெளுப்பதற்காகத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்தவர்களின் வழியினர். முந்நூறு ஆண்டுகளை நெருங்கும் குடியேற்றம். இப்போதுள்ள சலவைக்கூடம் 1976இல் கட்டப்பட்டது. வண்ணார் சங்கத்தார் அதை நடத்துகிறார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒன்றாகத் தடுப்புகள், உள்ளே தொட்டியும் துவைகல்லும். பின்புறத் திறந்தவெளியில் வெள்ளை வேட்டிகளும் மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளும் வரிசை வரிசையாகக் காய்கின்றன.

நான் முதலில் கவனித்தது, கொடியில் ஒரு கிளிப்புகூட இல்லை என்பது. இரட்டைப் புரியாக முறுக்கிய தென்னங்கயிற்றின் புரிகளை விரலால் விரித்து, துணியின் நுனியை அதற்குள் செருகிவிடுகிறார்கள். காயல் காற்று எவ்வளவு அடித்தாலும் துணி நழுவுவதில்லை. உள்ளே ஒரு பெரியவர் கரிப்பெட்டியால் தேய்த்துக்கொண்டிருந்தார். அம்மா தயங்கித் தயங்கி, "தமிழா?" என்று கேட்டார். "வீட்ல தமிழ்தாம்மா. வெளியில மலையாளம்" என்றார், பெட்டியை நிறுத்தாமலே. அவர் பேசிய தமிழில் மலையாளத்தின் இழுப்பு இருந்தது. எந்த ஊரிலிருந்து வந்தவர்கள் என்று கேட்டதற்கு, தாத்தாவுக்கே தெரியாது என்றார். கஞ்சி எப்படிப் போடுகிறீர்கள் என்று அம்மா கேட்டார். அதற்குமேல் பேச்சு அரிசி, கொதி, பதம் என்று பத்து நிமிடம் ஓடியது. அந்தப் பத்து நிமிடமும் வழிகாட்டி ஒரு சொல்கூடப் பேசாமல் ஓரமாக நின்றார். இந்த மதிப்புரையில் அவருக்கு நான் தரும் மிக உயர்ந்த மதிப்பெண் அதற்குத்தான். பேசத் தெரிந்த வழிகாட்டிகள் எங்கும் கிடைப்பார்கள்.

குறைகள் இன்னும் இரண்டு. நான்கு மணி நேரம் என்று பேசியதில் கடைசி முக்கால் மணி நேரம் அவர் கைபேசியை அடிக்கடி பார்த்தார்; பிற்பகலுக்கு வேறொரு குழு காத்திருந்தது.  இரண்டாவது, கடை வேண்டாம் என்று பேசியிருந்தும், யூதத் தெருவில் ஒரு கடையின் முன் நின்று, "வாங்க வேண்டாம், உள்ளே ஒரு பெரிய வார்ப்புப் பாத்திரம் இருக்கிறது, அதை மட்டும் பாருங்கள்" என்றார். நான் நிபந்தனையை நினைவூட்டியதும் மறுபேச்சு பேசாமல் நகர்ந்தார். கோபமில்லை. ஆனால் பேசிவைக்காதவர்கள் அந்தக் கதவுக்குள் போயிருப்பார்கள் என்பதில் சந்தேகமில்லை.

யாருக்கு இது பொருந்தும் என்று கேட்டால், இரண்டு மூன்று பேராகப் போகிறவர்களுக்கு, அதுவும் குழந்தையோ முதியவரோ உடனிருந்தால், பொருந்தும். மூன்று பேரென்றால், ஆட்டோ நீங்கலாக, தலைக்கு எழுநூறு ரூபாய்க்குள் அடங்கிவிடுகிறது. தனியாகப் போகிறவருக்கு 2,000 ரூபாய் அதிகம்தான். அவர் அரண்மனையைப் பற்றி வீட்டிலேயே கொஞ்சம் படித்துக்கொண்டு, தோபிக்கானாவுக்கு மட்டும் வழி கேட்டுப் போய்விடலாம். அங்கே நமக்கு மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. ஒரே நாளில் கொச்சியையும் முடித்து ஆலப்புழைக்கும் ஓட நினைப்பவர்கள் வழிகாட்டிக்குச் செலவு செய்ய வேண்டாம். நாற்பது நிமிடம் ஒரு சுவரின் முன் நிற்க நேரம் இல்லாதபோது, எங்கே பார்க்க வேண்டும் என்று சொல்ல ஆள் வைத்துப் பயனில்லை. பள்ளி விடுமுறைக் கூட்டத்தில் பத்துப் பதினைந்து பேரைச் சேர்த்து அழைத்துப் போகும் பொதுக் குழு நடைகளை நான் முயன்று பார்க்கவில்லை. ஆனால் பள்ளியறைக்குள் அப்படி ஒரு குழு வந்தபோது, பின்வரிசையில் நின்றவர்கள் முன்வரிசையின் முதுகைத்தான் பார்த்தார்கள்.

பணத்தைக் கொடுத்துவிட்டு விடைபெறும்போது, மாலையில் என்ன பார்ப்பது என்று கேட்டோம். கடற்கரைப் பக்கம் 1724ஆம் ஆண்டின் டச்சுக் கல்லறைத் தோட்டம் இருக்கிறது, எப்போதும் பூட்டித்தான் இருக்கும், புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் கேட்டால் திறந்து காட்ட வாய்ப்புண்டு என்றார். நாங்கள் தேவாலயத்துக்குத்தான் போனோம். பங்காக் கயிற்றின் துளையைத் தேடிக் கண்டுபிடித்த உற்சாகத்தில் சாவியைக் கேட்க மறந்துவிட்டோம். கல்லறைத் தோட்டத்தின் கம்பிக் கதவுக்கு வெளியே நின்று, புல்லுக்கு நடுவே சாய்ந்தும் நிமிர்ந்தும் இருந்த சாம்பல் நிறச் சமாதிகளை அண்ணன் மகள் எண்ணத் தொடங்கினாள். முப்பத்தொன்பது வரை வந்தபோது ஏழு மணிப் படகுக்கு நேரமாகிவிட்டது.